மதுரைக்கு வருகிறவர்கள் ஏமாறாமல் இருக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை டவுன்ஹால் ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் இருக்கும் தங்கும் விடுதியில் பல ஆண்டுகளாக வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். அறைச் சாவியை வாங்கும்போது விருந்தினர்கள் கேட்கிற கேள்விகளையும், வெளியே போய்விட்டு முகம் வாடித் திரும்பியபின் கேட்கிற கேள்விகளையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன். இது நான் பிறந்து வளர்ந்த ஊர். இங்கே வந்த ஒருவர் மனம் நொந்து திரும்பிப் போனால் எனக்கு இரவு தூக்கம் வருவதில்லை.

மதுரையில் வெளியூர்க்காரர்களை ஏமாற்றுவது அதிகமா?

இல்லை. ஆட்டோவில் விட்டுவிட்டுப் போன பையை விடுதி தேடிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, டீக்குக்கூடக் காசு வாங்காமல் போன ஓட்டுநர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் மீனாட்சி அம்மன் கோவிலைச் சுற்றியுள்ள வீதிகளிலும் ரயில் நிலையம், பஸ் நிலைய வாசல்களிலும் இதையே தொழிலாக வைத்திருக்கும் சிலர் இருக்கிறார்கள். ஆள் சிலர்தான், ஆனால் ஊருக்குப் புதிதாக வருகிறவர் முதலில் சந்திப்பது அந்தச் சிலரைத்தான்.

இவர்களை அடையாளம் காண எனக்குத் தெரிந்து ஒரு வழிதான் உண்டு. நீங்கள் தேடிப் போனவரா, உங்களைத் தேடி வந்தவரா என்று பாருங்கள். நீங்களாகப் போய் வழி கேட்ட பூக்காரம்மாவோ, டீக்கடைக்காரரோ, போக்குவரத்துக் காவலரோ உங்களிடம் பொய் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. கேட்காமலே பக்கத்தில் வந்து, “எந்த ஊர்? கோவிலுக்கா? இந்த நேரத்தில் உள்ளே விடமாட்டார்களே” என்று பேச்சைத் தொடங்குகிறவருக்கு உங்களிடம் ஏதோ வேலை இருக்கிறது. இந்த வேறுபாடு பிடிபட்டுவிட்டால் கீழே உள்ளவற்றில் பாதியை நீங்களே ஊகித்துவிடுவீர்கள்.

நாங்கள் தமிழ் பேசுகிறவர்கள். எங்களை யார் ஏமாற்றப் போகிறார்கள்?

இந்த நம்பிக்கையால்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். வெள்ளைக்காரரிடம் சால்வை விற்கிறவர் கோயம்புத்தூர்க்காரரிடம் அதை விற்க மாட்டார். அவருக்கென்று வேறு கொக்கி இருக்கிறது: சீக்கிர தரிசனம், பரிகாரம், பாதி விலைக்குச் சுங்குடிச் சேலை, ராமேசுவரத்துக்குக் குறைந்த வாடகையில் கார். மலேசியா, சிங்கப்பூர், இலங்கையிலிருந்து வரும் தமிழர்களுக்கு இரண்டு பக்கமும் அடி. பேச்சு நம்முடையதுதான் என்றாலும், பணத்தாளை எடுத்துக் கண்ணருகே பிடித்துப் பார்த்துத் தருவதிலேயே ஊருக்குப் புதியவர் என்று தெரிந்துவிடுகிறது.

ரயிலை விட்டு இறங்கியதும் ஆட்டோ பிடிக்க வேண்டுமா?

கையில் சுமை இல்லாவிட்டால் வேண்டாம். மதுரை ரயில் நிலையத்தின் கிழக்கு வாசலை விட்டு வெளியே வந்து, மேல வெளி வீதியைக் கடந்து டவுன்ஹால் ரோட்டில் நேராக நடந்தால் மேலக் கோபுரம் கண்ணுக்கு எதிரே நிற்கும். ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்தான். பெரியார் பஸ் நிலையமும் நடக்கும் தூரத்தில்தான் இருக்கிறது.

பெரியவர்கள் உடன் வந்தால் ஆட்டோ தேவைப்படும். ஏறும் முன்பே மூன்று விஷயங்களை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்: எங்கே போக வேண்டும், மொத்தம் எவ்வளவு, அது எல்லாருக்கும் சேர்த்தா. “ஐம்பது” என்று ஏற்றிக்கொண்டு, இறங்கும்போது “ஆளுக்கு ஐம்பது” என்பது பழைய தந்திரம். கோவிலைச் சுற்றிய சித்திரை வீதிகளுக்குள் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. ஆகவே “கோபுர வாசலிலேயே இறக்கிவிடுகிறேன்” என்று கூடுதல் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். செயலி வழியாக ஆட்டோ பதிவு செய்தால் கட்டணம் முன்கூட்டியே தெரிந்துவிடும். ஓட்டுநர் வந்து நின்று, “அதை ரத்து செய்துவிடுங்கள், நேராகக் கொடுங்கள்” என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பயணத்துக்கு எந்தப் பதிவும் இல்லாமல் போய்விடும்.

“நீங்கள் சொல்லும் லாட்ஜை மூடிவிட்டார்கள்” என்று ஓட்டுநர் சொல்கிறார். நம்பலாமா?

அவர் எதிரிலேயே அந்த விடுதிக்கு ஒரு போன் போடுங்கள். நான் இந்த மேசையில் உட்கார்ந்திருக்கும்போதே, எங்கள் விடுதியில் தண்ணீர் வரவில்லை, போலீஸ் பூட்டிவிட்டது, கட்டடத்தையே இடிக்கிறார்கள் என்றெல்லாம் வெளியே சொல்லப்பட்டதைப் பின்னால் விருந்தினர்கள் வாயிலாகவே கேட்டிருக்கிறேன். வேறொரு விடுதிக்கு அழைத்துப் போனால் ஓட்டுநருக்குக் கமிஷன் கிடைக்கும். அந்தக் கமிஷன் உங்கள் அறை வாடகையில்தான் ஏறும்.

வெளியூர் பஸ் எந்த நிலையத்தில் நிற்கும்? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்களே?

இந்தக் குழப்பத்தை நம்பியே சிலர் பிழைக்கிறார்கள். சென்னை, திருச்சி, ராமேசுவரம், தூத்துக்குடி, திருநெல்வேலி, நாகர்கோவில் பஸ்கள் மாட்டுத்தாவணியிலிருந்து புறப்படும். கோயம்புத்தூர், திருப்பூர், தேனி, கொடைக்கானல் பக்கம் போகிறவை ஆரப்பாளையத்திலிருந்து புறப்படும். நகரப் பஸ்களுக்குப் பெரியார் நிலையம். மாட்டுத்தாவணியில் போய் நின்றுகொண்டு கொடைக்கானல் பஸ் எங்கே என்று கேட்டால், “இன்றைக்கு பஸ் இல்லை, காரில் போகலாம்” என்று ஒருவர் வந்துவிடுவார். பஸ் இருக்கிறது; ஆனால் வேறு நிலையத்தில் இருக்கிறது. சீருடையில் இருக்கும் நடத்துநரையோ நேரக் காப்பாளரையோ கேளுங்கள்.

தனியார் ஆம்னி பஸ்ஸுக்கு வழியில் ஆள் பிடித்து டிக்கெட் தருகிறவரிடம் வாங்காதீர்கள். “ஏசி, படுக்கை வசதி” என்று பணம் வாங்கிக்கொண்டு, கடைசியில் சாய்வு இருக்கையில் உட்காரவைத்து அனுப்பிவிடுவார்கள். சண்டை போடவும் முடியாது; பஸ் புறப்பட்டிருக்கும்.

கோபுரத்தை மேலிருந்து பார்க்கலாம், இலவசம் என்று அழைக்கிறார்கள். போகலாமா?

மதுரைக்கென்றே உள்ள தந்திரம் இது. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மீனாட்சி அம்மன் கோவிலில் மதியம் 12.30 மணி வாக்கில் நடை சாத்தி, மாலை 4 மணிக்குத் திறப்பார்கள். வெயிலில் வாடி வந்து, பூட்டிய வாசலைப் பார்த்து என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிற அந்த நேரத்துக்காகவே சிலர் காத்திருப்பார்கள். “நான்கு மணி வரைக்கும் எங்கே நிற்பீர்கள்? எங்கள் மொட்டை மாடியிலிருந்து கோபுரங்களைப் பாருங்கள். நல்ல படம் எடுக்கலாம். ஒரு பைசா வேண்டாம்” என்பார்கள். சொன்னபடியே மாடிக்கும் அழைத்துப் போவார்கள். காட்சியும் உண்மையிலேயே அழகாக இருக்கும். அதில் பொய் இல்லை. தெற்குக் கோபுரத்தின் சுதைச் சிற்பங்கள் கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருப்பதுபோலத் தெரியும்.

ஏறிய படிக்கட்டு வழியாகவே இறங்கினாலும் வழியில் ஒவ்வொரு தளத்திலும் கடை இருக்கும். இறங்கும்போது மின்விசிறியைப் போடுவார்கள், நாற்காலியை இழுத்துப் போடுவார்கள், டீ வரும். டீயைக் குடித்துவிட்டு எழுந்து போக நமக்கு மனம் வராது. அந்தக் கூச்சம்தான் அவர்கள் முதலீடு. அதன்பின் கம்பளம் விரியும், சால்வை விரியும். மோதிரத்தைக் கழற்றி அதற்குள் சால்வையை நுழைத்துக் காட்டி, இதுதான் அசல் பஷ்மினா (காஷ்மீரின் மெல்லிய கம்பளிச் சால்வை) என்பார்கள். மெல்லிய செயற்கைப் பட்டும் மோதிரத்துக்குள் நுழையும் என்பதைச் சொல்ல மாட்டார்கள். முதலில் சொன்ன விலை நான்கில் ஒரு பங்காக இறங்கும்போது, நாம் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வாங்குவோம்.

மாடிக்குப் போக ஆசை என்றால் போங்கள். டீ வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், உட்காராதீர்கள். வாங்குவதாக இருந்தால் அன்றைக்கு வாங்காதீர்கள். இரவு யோசித்துவிட்டு மறுநாள் போங்கள். “இந்த விலை இப்போது மட்டும்தான்” என்றால் அந்தப் பொருள் உங்களுக்கு வேண்டாம். அதைவிட, மதியத்தில் கோவிலுக்கு வராமலிருப்பது நல்லது. நடை சாத்தியிருக்கும் நேரத்தில் திருமலை நாயக்கர் மகாலுக்குப் போகலாம், தமுக்கத்தில் ராணி மங்கம்மாளின் பழைய அரண்மனையில் இயங்கும் காந்தி அருங்காட்சியகத்துக்குப் போகலாம். காந்தி அருங்காட்சியகத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது.

அழைத்துப் போகிறவருக்கு எவ்வளவு கமிஷன்? விடுதிக்காரர்களும் வாங்குவார்களா?

வாங்குகிற விடுதிகள் உண்டு. மறைக்க விரும்பவில்லை. எங்கள் மேசைக்கும் கடைக்காரர்களும் கார்க்காரர்களும் அட்டை கொண்டுவந்து வைத்துவிட்டு, ஆள் அனுப்பினால் இத்தனை சதவீதம் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். விருந்தினர் வாங்கும் தொகைக்கு ஏற்ப அது கூடும், குறையும். ஆகவே உங்கள் விடுதியில் ஒரு கடையின் பெயரைச் சொன்னால், “அங்கே உங்களுக்குக் கமிஷன் உண்டா?” என்று தயங்காமல் கேளுங்கள். நேர்மையானவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கோவிலில் சீக்கிரம் தரிசனம் செய்துவைப்பதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். கட்டணத் தரிசனச் சீட்டு கோவிலுக்குள் உள்ள கவுண்டரில் கிடைக்கும். தொகை அதில் அச்சிடப்பட்டிருக்கும். தரகர் அந்தச் சீட்டைத்தான் வாங்கிவந்து பல மடங்கு விலைக்கு உங்களிடம் தருகிறார். சில நேரம் அதுவும் இல்லாமல், எல்லாரும் போகும் பொது வரிசையிலேயே உங்களை நிறுத்திவிட்டு மறைந்துவிடுவார். அர்ச்சனைக்கும் அப்படித்தான்: கையில் ரசீது வராத பணம் எதுவும் கோவிலுக்குப் போகாது.

இந்து அல்லாத நண்பர்களை அழைத்து வந்தால் ஒன்றைச் சொல்லிவையுங்கள். அவர்கள் பிரகாரங்களையும் மண்டபங்களையும் பார்க்கலாம்; சன்னிதிக்குள் அனுமதி இல்லை. வேட்டி கட்டிவிட்டு உள்ளே அழைத்துப் போகிறேன் என்று பணம் கேட்பவரை நம்பினால், கூட்டத்துக்கு நடுவே நிறுத்தப்பட்டுத் திருப்பி அனுப்பப்படுகிற அவமானம் அந்த நண்பருக்குத்தான்.

இரவில் சொக்கநாதரைப் பல்லக்கில் அம்மன் சன்னிதிக்கு எழுந்தருளச் செய்யும் பள்ளியறை பூஜையைக் காட்டுகிறேன் என்றும் பணம் கேட்கிறார்கள். அதற்குத் தரகர் தேவையே இல்லை. நடை சாத்துவதற்கு முன் போய் அமைதியாக நின்றால் போதும்.

கைபேசி, செருப்பு?

2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்த பிறகு கோவிலுக்குள் கைபேசிக்குத் தடை வந்தது. கோபுர வாசலில் கோவில் நிர்வாகத்தின் பாதுகாப்பு அறையில் ஒப்படைத்து டோக்கன் வாங்குங்கள். “நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று தெருவில் நிற்பவரிடம் ஒருபோதும் கொடுக்காதீர்கள். செருப்பை விடும் இடத்தில் “பூ வாங்கினால் செருப்பை இலவசமாகப் பார்த்துக்கொள்கிறோம்” என்றால், பூவின் விலையை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வழிகாட்டி தேவையா?

நல்ல வழிகாட்டி கிடைத்தால் பணம் வீணாகாது. அடையாள அட்டையைக் கேட்டுப் பாருங்கள். சுற்றுலாத் துறை தந்த அட்டை என்றால் தயங்காமல் காட்டுவார். தொகை, நேரம், எந்தெந்த இடம் என்று முதலிலேயே பேசி, “கடைக்குப் போக மாட்டோம்” என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். அதைக் கேட்டதும் ஆர்வம் குறைந்துபோகிறவர் உங்களுக்கு வேண்டாம்.

“உங்கள் முகத்தில் ஒரு தோஷம் தெரிகிறது” என்று ஒருவர் சொன்னார். மனம் கலங்குகிறது. என்ன செய்வது?

கலங்காதீர்கள். உங்கள் முகத்தில் கவலை தெரிந்தது, அவ்வளவுதான். கல்யாணம் தள்ளிப்போகிறவர்களும், குழந்தைக்காகக் காத்திருப்பவர்களும், வீட்டில் நோயாளி இருப்பவர்களும்தான் மதுரைக்கும் திருப்பரங்குன்றத்துக்கும் வேண்டுதலோடு வருகிறார்கள். அதனால் யாரைப் பார்த்து “வீட்டில் ஒரு குறை இருக்கிறது” என்றாலும் பொருந்திவிடும். முதலில் கையில் ஒரு கயிறு, பத்து ரூபாய். பிறகு ஒரு தகடு, ஐந்நூறு. அதன்பின் வீட்டு முகவரியும் தொலைபேசி எண்ணும் வாங்கிக்கொண்டு, ஊருக்குப் போனபிறகு பரிகார பூஜைக்கென்று ஆயிரக்கணக்கில் கேட்கத் தொடங்குவார்கள்.

ஏமாற்று வேலைகளில் எனக்கு மிகவும் கோபம் வருவது இதைப் பார்த்துத்தான். பிற தந்திரங்கள் பணத்தை எடுத்துக்கொண்டு போய்விடும். இது பயத்தையும் வைத்துவிட்டுப் போகிறது. மகள் கல்யாணத்துக்காக வேண்டிக்கொள்ள வந்த ஓர் அம்மா, அந்தக் கயிற்றை அவிழ்க்கவும் பயந்து கட்டியிருக்கவும் பயந்து என் மேசைக்கு எதிரே அழுதுகொண்டு நின்றார். கயிற்றை அவிழ்த்து, கோவில் உண்டியலில் ஒரு ரூபாய் போட்டுவிட்டுப் போங்கள் அம்மா என்றேன். அதன்பின்தான் அவர் சாப்பிட உட்கார்ந்தார்.

அசல் சுங்குடி என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மதுரைச் சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நாயக்கர் காலத்தில் இங்கே குடியேறிய சௌராஷ்டிர மக்களின் கைத்தொழில் அது. பருத்தித் துணியில் புள்ளி வர வேண்டிய இடத்தை நகத்தால் கிள்ளித் தூக்கி, நூலால் இறுக்கி முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்குவார்கள். முடிச்சுக்குள் சாயம் ஏறாது. அவிழ்த்தால் அந்த இடம் வெளுப்பான புள்ளியாக நிற்கும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சுகள். பெண்கள் வீட்டிலிருந்தபடி நாள்கணக்கில் போடுவார்கள்.

இது தெரிந்தால் கடையில் என்ன பார்க்க வேண்டும் என்பதும் தெரியும். சேலையை வெளிச்சத்தில் பிடித்து ஒரு சாண் அளவு இடத்தை மட்டும் உற்றுப் பாருங்கள். கையால் முடிந்த புள்ளிகளில் ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. ஒன்று சற்றுக் கோணலாக, ஒன்று சற்றுப் பெரிதாக இருக்கும். புள்ளியின் மேல் விரலை ஓட்டினால் துணி கொஞ்சம் மேடிட்டு நெளிவதாகப் படும். திருப்பிப் பார்த்தால் பின்பக்கமும் அதே நிறம், அதே புள்ளி. அச்சு என்றால் எல்லாப் புள்ளியும் அளந்து வைத்ததுபோல ஒரே வட்டமாக இருக்கும், பின்பக்கம் வெளிறியிருக்கும். முடிச்சை முழுவதும் அவிழ்க்காத சேலையைக் கடைக்காரர் எடுத்துக் காட்டி, உங்கள் எதிரிலேயே இழுத்து அவிழ்ப்பதும் உண்டு. முடிச்சுகள் படபடவென்று தெறிக்கிற அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள்.

அச்சுச் சுங்குடி விற்பது தவறில்லை. வீட்டில் கட்ட, கோடைக்கு அருமையான சேலை. என் அம்மா அதைத்தான் கட்டுகிறார். அதை முடிச்சுச் சுங்குடி என்று சொல்லி அந்த விலைக்கு விற்பதுதான் மோசடி. இதில் நீங்கள் மட்டும் ஏமாறவில்லை. கண் வலிக்க முடிச்சுப் போட்ட பெண்ணுக்குப் போக வேண்டிய கூலியும் அச்சுக்காரருக்குப் போய்விடுகிறது. ரசீதில் “கையால் முடிச்சிட்டது” என்று எழுதித் தரச் சொல்லுங்கள். பொய் சொல்கிறவர் வாயால் சொல்வார். எழுதித் தர மாட்டார்.

தைத்துத் தருவதாக அழைப்பவர்களைப் பற்றியும் ஒரு சொல். கீழக் கோபுரத்துக்கு எதிரே புது மண்டபத்தில் இருந்த தையல் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்பட்டுவிட்டன. தெருவில் நின்று “புது மண்டபத் தையல்காரர் நான்தான்” என்று துணிக்கு முன்பணம் கேட்பவரிடம் கடை எங்கே இருக்கிறது என்று கேட்டு, அங்கே போய்ப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

மல்லிகைப் பூ வாங்கும்போது?

மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மொட்டு கெட்டியாக இருக்கும், காம்பு நீளமாக இருக்கும், வாசனை மறுநாள் வரை நிற்கும். முகூர்த்த நாளிலும் மார்கழிப் பனியிலும் விலை பல மடங்கு ஏறுவது மோசடி அல்ல, வரத்துக் குறைவு. அந்த நாட்களில் வாசமில்லாத வேறு பூவை இடையிடையே வைத்துக் கட்டி விற்பதுண்டு. ஆகவே முகர்ந்து பார்த்து வாங்குங்கள்.

முழம் என்பது முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை. சிலர் விரலை மடக்கி மணிக்கட்டோடு அளந்து முடித்துவிடுவார்கள். “அம்மா, விரல் நுனி வரைக்கும் அளங்கள்” என்று சிரித்த முகத்தோடு சொன்னால் போதும். நாள் முழுக்க வெயிலில் உட்கார்ந்திருக்கும் பூக்காரம்மாவிடம் பத்து ரூபாய்க்காகச் சண்டை வேண்டாம்.

பழைய பஞ்சலோகச் சிலை, ஏகமுக ருத்திராட்சம், சந்தனக் கட்டை என்கிறார்களே?

பழைய கோவில் சிலை என்று ஒருவர் காட்டினால் இரண்டில் ஒன்றுதான்: புதிதாக வார்த்துப் புளியும் அமிலமும் தடவிப் பழசாக்கியது, அல்லது உண்மையிலேயே திருடியது. முதலாவதில் பணம் போகும். இரண்டாவதில் நீங்கள் குற்றவாளி ஆவீர்கள். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட தொல்பொருளை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கிறது. விமான நிலையத்தில் பிடித்தால் விற்றவர் உதவிக்கு வரமாட்டார்.

ருத்திராட்சமும் சந்தனமும் சான்றிதழோடு, அரசு நிறுவனமான பூம்புகார் விற்பனை நிலையம் போன்ற இடத்தில் வாங்கலாம். சாதாரண மரத்தில் சந்தன எண்ணெய் தடவினால் ஒரு வாரம் மணக்கும். நீங்கள் ஊருக்குப் போய்ச் சேர அது போதும்.

நகையைக் கழற்றச் சொன்ன “போலீஸ்காரர்” உண்மையானவரா?

இல்லை. எந்தக் காவலரும் தெருவில் நிறுத்தி நகையைக் கழற்றச் சொல்ல மாட்டார். இது எப்படி நடக்கிறது என்பதை ஒரு தடவை மனதில் ஓட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்; நடக்கும்போது யோசிக்க நேரம் இருக்காது.

காலை ஆறு, ஆறரை மணி. வயதான அம்மா ஒருவர் குளித்துவிட்டுக் கோவிலுக்கு நடந்து போகிறார். சட்டைக்குக் கீழே காக்கிப் பேன்ட் அணிந்த ஒருவர் பைக்கை ஓரம் கட்டுகிறார். “அம்மா, நேற்று ராத்திரி இந்தத் தெருவில் கொள்ளை நடந்திருக்கிறது. இப்படி நகை போட்டுக்கொண்டு போகிறீர்களே? கழற்றிப் பைக்குள் வையுங்கள்.” அம்மா தயங்கும்போது அந்த வழியாக இன்னொருவர் வருவார். அவரையும் அதட்டுவார்கள். அவர் உடனே கழுத்துச் சங்கிலியைக் கழற்றித் தாளில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். அவரும் அவர்கள் ஆள்தான். அவரைப் பார்த்து அம்மாவும் வளையலைக் கழற்றுவார். “கொடுங்கள், நானே மடித்துத் தருகிறேன்” என்று காகிதத்தில் சுற்றி, கைக்குட்டையால் முடிச்சுப் போட்டுப் பையின் அடியில் வைப்பார் அந்த ஆள். “கோவிலுக்குள் போய்த்தான் பிரிக்க வேண்டும்” என்பார். பிரித்தால் உள்ளே கூழாங்கல்லோ பித்தளை வளையலோ இருக்கும்.

அப்படி யாராவது நிறுத்தினால், “ஸ்டேஷனுக்குப் போவோம், அங்கே கழற்றித் தருகிறேன்” என்று உரக்கச் சொல்லுங்கள். கோவிலைச் சுற்றிக் காவலர்கள் எப்போதும் பணியில் இருக்கிறார்கள். சத்தம் கேட்டால் வருவார்கள். வீட்டுப் பெரியவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அவர்களைத்தான் குறிவைக்கிறார்கள்.

பத்து ரூபாய்த் தாள்களைக் கீழே போட்டுவிட்டு “உங்கள் பணம் விழுந்துவிட்டது” என்பதும், சட்டையில் எதையோ கொட்டிவிட்டுத் துடைக்க வருவதும் இதே குடும்பம். குனிவதற்கு முன் பையை மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள்.

சித்திரைத் திருவிழாவுக்கு வர ஆசை. என்ன கவனிக்க வேண்டும்?

கட்டாயம் வாருங்கள். மீனாட்சி திருக்கல்யாணமும், தேரோட்டமும், சித்ரா பௌர்ணமியன்று அழகர் வைகையில் இறங்குவதும் வாழ்நாளில் ஒரு தடவையாவது பார்க்க வேண்டியவை. திருக்கல்யாணக் கட்டணச் சீட்டுக்குக் கோவிலின் இணையதளத்தில் முன்பதிவு உண்டு. வேறு யாரிடமும் வாங்காதீர்கள்.

அந்த நாட்களில் அறை கிடைப்பது அரிது. அதனால் உண்மையில் இல்லாத விடுதிகள் இணையத்தில் முளைக்கும். இருக்கிற விடுதியின் படத்தைப் போட்டு, எண்ணை மட்டும் தங்களுடையதாக மாற்றி வைப்பார்கள். முன்பணம் வாங்கியதும் எண் அணைந்துவிடும். வாசலில் குழந்தைகளோடு வந்து நின்று, பணம் கட்டிய படத்தைக் காட்டியவர்களுக்கு இடமில்லை என்று சொல்ல வேண்டி வந்திருக்கிறது. அந்த இரவு இரண்டு குடும்பங்களைக் கூடத்திலேயே பாய் விரித்துப் படுக்கவைத்தோம். தனிநபர் பெயரில் உள்ள கணக்குக்கு முழுத் தொகையும் கேட்டால் கொடுக்காதீர்கள். பேசும்போது, “உங்கள் விடுதிக்கு எதிரே என்ன கடை இருக்கிறது?” என்று கேளுங்கள். உண்மையானவர் யோசிக்காமல் சொல்வார்.

ஆற்றுக்குள் இறங்கும்போது நகையை அறையிலேயே விட்டுவிடுங்கள். பர்ஸ் முன்பக்கப் பையில் இருக்கட்டும்.

யுபிஐ, ரொக்கம்?

பணம் வாங்குவதற்கு ரகசிய எண்ணைப் போட வேண்டியதில்லை. போடச் சொன்னால் உங்கள் பணம் போகிறது என்று அர்த்தம். கடையில் கியூஆர் அட்டையை ஸ்கேன் செய்ததும் வரும் பெயரைக் கடைக்காரரிடம் படித்துக் காட்டுங்கள்; அட்டைக்கு மேல் வேறு அட்டையை ஒட்டிவைப்பதுண்டு. ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டும்போது “ஐந்நூறு” என்று சொல்லிக் கொடுங்கள்.

கார் வாடகை?

மஞ்சள் எண் பலகை உள்ள வண்டியில் மட்டும் ஏறுங்கள். வெள்ளைப் பலகை வண்டி வாடகைக்கு ஓடுவது சட்டவிரோதம். விபத்து நடந்தால் காப்பீடு கிடைக்காமல் போகலாம். ராமேசுவரத்துக்கோ கொடைக்கானலுக்கோ பேசும்போது டோல், பார்க்கிங், ஓட்டுநர் பேட்டா எல்லாம் அடங்கியதா என்று கேட்டு, வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். புறப்படும்போது மீட்டர் எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பர்ஸ் தொலைந்துவிட்டது, ஊருக்குப் போகக் காசில்லை என்று குடும்பத்தோடு வந்து கேட்கிறார்கள். இரக்கப்படக்கூடாதா?

இரக்கப்படுங்கள். பணமாகக் கொடுக்காதீர்கள். “வாருங்கள், சாப்பாடு வாங்கித் தருகிறேன், டிக்கெட் நானே எடுத்துத் தருகிறேன்” என்று சொல்லுங்கள். உண்மையில் தவிப்பவர் உங்களோடு வருவார். ஒரு தடவை அப்படி வந்த ஒரு கணவன் மனைவிக்குத் தூத்துக்குடி பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தேன். மறு வாரம் அந்தப் பணம் திரும்பி வந்தது. அன்னதானத்துக்கு என்று ரசீதுப் புத்தகத்தோடு தெருவில் வருகிறவருக்குக் கொடுப்பதைவிடக் கோவிலின் அன்னதானக் கணக்கில் நேராகச் செலுத்தி ரசீது வாங்கலாம்.

வெளிநாட்டு நண்பரின் பாஸ்போர்ட்டை விடுதியில் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

காட்டலாம். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் விடுதி அரசுக்குத் தகவல் தர வேண்டும். அதற்கு விவரமும் நகலும் போதும். அசலைத் தங்களிடம் வைத்துக்கொள்ள விடாதீர்கள். அவருக்கு உதவி தேவைப்பட்டால் மத்தியச் சுற்றுலா அமைச்சகத்தின் 1363 எண்ணில் வெளிநாட்டு மொழிகளிலும் பேசலாம்.

ஏமாந்துவிட்டேன். இப்போது என்ன செய்வது?

பணம் இணையம் வழியாகப் போயிருந்தால் இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்காமல் உடனே இணையக் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். எவ்வளவு விரைவாகச் சொல்கிறீர்களோ, அந்த அளவுக்கு அந்தப் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு அதிகம். அடுத்ததாக உங்கள் வங்கிக்குச் சொல்லுங்கள். வேறு அவசரம் என்றால் 112. பொருள், ரசீது தொடர்பான புகார் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

காவல் நிலையத்துக்குப் போகும்போது ஆட்டோ எண், கடையின் படம், பணம் அனுப்பிய விவரம் எது இருந்தாலும் எடுத்துப் போங்கள். புகாரை எழுதிக் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்குங்கள். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் உங்கள் விடுதி ஆளை உடன் அழையுங்கள். நான் பல தடவை போயிருக்கிறேன். கடை பெயரைச் சொல்லி, புகார் எழுதப் போகிறோம் என்று தெரிந்ததுமே பணத்தைத் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு.

ரயில் இன்னும் ஒரு மணி நேரத்தில். புகார் கொடுக்க நேரமில்லை. விட்டுவிடலாமா?

விட வேண்டாம். எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். அவர்கள் பதிவு செய்து உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது சட்டம். ஊருக்குப் போய்க் கொடுங்கள். ரயிலில் ஏறியதும் நடந்ததை நேரத்தோடு ஒரு தாளில் எழுதிவையுங்கள்: எந்த வீதி, எந்த மாடி, என்ன சட்டை, என்ன சொன்னார். திண்டுக்கல் வருவதற்குள் எழுதி முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு சட்டையின் நிறம் மறந்துபோகும்.